புதுப்பிப்பு: உடற்பகுதித் தகடுகளை எப்போது ரிவெட் அடிப்பது?

பாகங்களாக வாங்கி நானே பொருத்தும் கிட் விமானத்தின் உடற்பகுதித் தகடுகள் அனைத்தையும் உடனே ரிவெட் அடித்துவிடலாமா, உள்வேலைகள் முடியும்வரை கிளீகோக்களிலேயே (ரிவெட் துளைகளில் செருகித் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் கழற்றக்கூடிய பிடிப்பான்கள்) நிறுத்தி வைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்தவர்களுக்கு நன்றி, முடிவெடுத்துவிட்டேன்.

அடித்தகடும் பக்கவாட்டுத் தகடுகளும் முதலில். கிளீகோ தற்காலிகப் பிடிப்புதான் என்பதால், அதை நம்பி வெகுநாள் விட்டால் சட்டகம் சற்றே முறுக்கிக்கொள்ளவும், பின்னர் ரிவெட் அடிக்கும்போது அந்த முறுக்கு அப்படியே நிலைத்துவிடவும் வாய்ப்புண்டு. கருவிப் பலகைக்கு மேலே வரும் தகடு மட்டும் வயரிங் முடியும்வரை திறந்தே இருக்கும். நின்றபடி செய்யக்கூடிய வேலையைப் பின்னர் மல்லாந்து படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு செய்வானேன்?

யோசிக்க வைத்தது வால்பக்க மேல்தகடுதான். வெளியே ஒருவர் ரிவெட் கன்னைப் பிடிக்க, உள்ளே இன்னொருவர் சுருண்டு படுத்துப் பக்கிங் பாரை, அதாவது ரிவெட்டின் மறுமுனையைத் தாங்கும் கனமான உலோகக் கட்டியை, அழுத்த வேண்டும். 3/32 அங்குல ரிவெட்டின் அடிபட்ட முனை, விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு அகலமும் பாதியளவு உயரமும் பெற வேண்டும். உள்ளிருப்பவரின் கை சற்றே சாய்ந்தாலும் முனை ஒருபக்கமாக மடங்கிவிடும். அக்னி நட்சத்திரத்தில் மைத்துனரை அந்தக் கூண்டுக்குள் அனுப்ப மனமில்லை, அவரும் வரமாட்டார். ஆகவே அது மார்கழிக்கு. அதற்குள் சுக்கான் கேபிள்களையும் ஆன்டெனா வயரையும் இழுத்துவிடலாம். பட்டினப்பாக்கத்தில் உப்புக்காற்று வீசுவதால், திறந்திருக்கும் இணைப்பு விளிம்புகளுக்கு மட்டும் இந்த வாரமே ப்ரைமர் அடிக்கிறேன்.