சின்ன போட்டிய குழுல போடலாமா, அமுக்கி வச்சுக்கலாமா? பரிசு போட்டி தேடி தேடி கலந்துக்குற நம்ம குழுவோட இன்னைய அரட்டை

ஃபிளாஸ்க்ராணி:
காலை வணக்கம் மக்களே, இன்னைய கடைய நான் திறக்குறேன். நேத்து பார்சல் வந்துச்சு, ஆசையா பிரிச்சா உள்ள ஃபிளாஸ்க். நாலாவது!! முதல் பரிசு லேப்டாப், ஆறுதல் பரிசு ஃபிளாஸ்க்னா எனக்கு எது வரும்னு இனிமே யாரும் கேக்காதீங்க. சரி விஷயத்துக்கு வரேன். முந்தாநாள் ராத்திரி ஒரு சின்ன போட்டி கண்ணுல பட்டுச்சு, ஒரு பேனா செட் பரிசு, கமெண்ட்ல பேர் போட்டா போதும், குலுக்கல். மொத்தமே 40 பேர் தான் போட்டிருந்தாங்க. வழக்கம் போல லிங்க இங்க போட்டேன். அஞ்சு நிமிஷத்துல இன்பாக்ஸ்ல ஒருத்தர் வந்து "இதையெல்லாமா வெளிய போடுவீங்க"ன்னு ஒரே சண்டை. யாருன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் பண்ணுனது தப்பா? நீங்களே சொல்லுங்க.

ராப்பட்சி:
யாருன்னு மறைக்க வேண்டாம் அக்கா, நான் தான். சண்டை போடல, கேட்டேன். அந்த 40ல நானும் ஒருத்தன், உங்களுக்கு முன்னாடியே பாத்து போட்டு வச்சுட்டு சத்தமில்லாம இருந்தேன். நேத்து காலைல எந்திரிச்சு பாக்குறேன், 69. புதுசா வந்த 29 பேரும் நம்ம ஆளுங்க, எல்லாம் தெரிஞ்ச பேரு. கார், டிவி மாதிரி பெரிய போட்டின்னா போடுங்க, அங்க லட்சம் பேரோட நம்ம 30 பேர் கூடுதலா போனா ஒண்ணும் ஆகாது. இந்த மாதிரி சின்னது கிடைக்கிறது அபூர்வம். ராத்திரி ரெண்டு மணி நேரம் கண்ணு எரிய தேடி கண்டுபிடிக்கிறவனுக்கு ஒரு மரியாதை வேணாமா?

புதுவரவு:
நானும் அந்த 29ல ஒருத்தி 🙈 சாரி அண்ணா. குழுல போட்டா எல்லாரும் போடலாம்னு தான நினைச்சேன்

ஃபிளாஸ்க்ராணி:
நீ ஏம்மா சாரி சொல்ற. போன மாசம் நீ சேந்தப்ப தனி மெயில் ஐடி வை, போட்ட போட்டியெல்லாம் ஒரு ஷீட்ல தேதியோட எழுதி வைன்னு பக்கம் பக்கமா உனக்கு டைப் பண்ணது யாரு? இதே ராப்பட்சி தான். அதை சொல்லி குடுக்கலாம், லிங்க் மட்டும் குடுக்க கூடாதா?

ராப்பட்சி:
மீன் பிடிக்க கத்து குடுப்பேன் அக்கா, என் தூண்டில்ல மாட்டுன மீன கேக்காதீங்க.

கணக்குவாத்தி:
உணர்ச்சிய ஓரமா வச்சுட்டு எண்ண பாப்போம். 40ல ஒண்ணுன்னா நூத்துக்கு 2.5 வாய்ப்பு. 69ல ஒண்ணுன்னா 1.45. இந்த ஒரு போட்டிய மட்டும் பாத்தா ராப்பட்சி வயித்தெரிச்சல்ல நியாயம் இருக்கு. ஆனா வாழ்க்கைல ஒரே ஒரு போட்டியா போடுறோம்? தினமும் இங்க தலை காட்டுறது 30 பேர்னு வைங்க. ஆளுக்கு ஒரு சின்ன போட்டி கண்டுபிடிச்சு அமுக்கி வச்சுக்கிட்டா ஒவ்வொருத்தருக்கும் அதே 2.5 தான். 30 பேரும் வெளிய போட்டா ஆளுக்கு 30 போட்டி, ஒவ்வொண்ணுலயும் 69ல ஒரு வாய்ப்பு. முப்பதுல ஒண்ணாவது அடிக்கிற வாய்ப்பு நூத்துக்கு 35. எங்க 2.5, எங்க 35.

ராப்பட்சி:
சார் உங்க கணக்கு பேப்பர்ல அழகா இருக்கு. 30 பேரும் போடுறாங்களா? போன வாரம் முழுக்க மேல போய் எண்ணி பாத்துட்டு வந்தேன், சின்ன போட்டி லிங்க் போட்டது நாலே பேர். ராணி அக்கா, செல்வி, தாத்தா, நான் ஒண்ணு. மீதி 26 பேரும் தம்ஸ் அப் போட்டுட்டு லிங்க எடுத்துட்டு போறவங்க.

கணக்குவாத்தி:
நாலு பேர்னே வச்சுக்கோங்க. நாலு போட்டி, 69ல ஒண்ணு, 5.7 வருது. 2.5 விட ரெண்டு மடங்குக்கு மேல. ரெண்டே பேர் போட்டா கூட 2.9. சும்மா வர்ற 26 பேரையும் சுமந்துக்கிட்டே லாபம் தான் சார்.

ராப்பட்சி:
அப்ப இதையும் போட்டு சொல்லுங்க. மத்த மூணு பேர் போடட்டும், நான் மட்டும் என்னோடத அமுக்கிடுறேன். எனக்கு எவ்வளவு?

கணக்குவாத்தி:
...6.7

ராப்பட்சி:
😎 இத தான் சார் ஆரம்பத்துலருந்து சொல்றேன்

கணக்குவாத்தி:
அந்த மூணு பேரும் இதே மாதிரி யோசிச்சா நாலு பேரும் திரும்ப 2.5ல போய் நிப்பீங்க. உங்க 6.7 அடுத்தவங்க நல்ல மனசுல ஓடுற வண்டி.

சிடுமூஞ்சி:
நீங்க 2.5, 6.7ன்னு அடிச்சுக்குங்க. எல்லாமே ஏமாத்து வேலை. ஜெயிக்க போறவன் யாருன்னு முன்னாடியே முடிவு பண்ணிருப்பாங்க. மெக்டொனால்ட்ஸ் பர்கர் கடை நடத்துன மோனோபோலி பரிசு போட்டி கதை தெரியாதா?

கணக்குவாத்தி:
தெரியும். பரிசு சீட்டுக்கு காவல் பாக்க வச்ச ஆளே 1989லருந்து ஜெயிக்கிற சீட்டுகள உருவி தெரிஞ்சவங்களுக்கு குடுத்துட்டிருந்தார், 2001ல எஃப்பிஐ கைது பண்ணுச்சு. ஆனா அது கம்பெனி பண்ண மோசடி இல்ல, கம்பெனியையும் சேத்து ஏமாத்துன ஒரு ஆளோட மோசடி. அதுக்காக பேனா செட் குடுக்குற சின்ன ஆளெல்லாம் திருடன்னா எப்படி?

சிடுமூஞ்சி:
சரி சரி. ஆனா அந்த பேனா போட்டிக்கு நானும் போட்டுட்டேன்.

ஃபிளாஸ்க்ராணி:
😂😂😂 ஏமாத்து வேலைன்னு தெரிஞ்சே!

தபால்தாத்தா:
பிள்ளைகளா இப்ப தான் பாத்தேன், கண்ணாடி தேடிட்டு இருந்தேன். இந்த பஞ்சாயத்து எங்க காலத்துலயே உண்டு. அப்ப எல்லாம் தபால் கார்டு தான், ஒரு ஆள் எத்தனை வேணா அனுப்பலாம்னு விதி இருக்கும், ராத்திரி பூரா உக்காந்து கை வலிக்க வலிக்க ஒரே விலாசத்த எழுதுவோம். பெட்டிக்குள்ள கை விடுறவர் விரல்ல தட்டுப்படணும்னு கார்ட லேசா மடிச்சு விசிறி மாதிரி பண்ணி அனுப்புவேன். பலிச்சுதான்னு கேக்காதீங்க, 11 வருஷத்துல ஒரு கடிகாரம், ஒரு குடை. அந்த எத்தனை வேணா விதிக்கு அமெரிக்காவுல ஒரு கூத்து நடந்துச்சு. 1975ல கால்டெக்னு ஒரு பெரிய காலேஜ் மாணவங்க 26 பேர் சேந்து, மெக்டொனால்ட்ஸ் நடத்துன குலுக்கலுக்கு கம்ப்யூட்டர்லயே சீட்டு அடிச்சு தள்ளுனாங்க, 10 லட்சத்துக்கும் மேல. பரிசுல அஞ்சுல ஒரு பங்கு கிட்ட அவங்களுக்கே போச்சு, ஒரு காரும் சேத்து. ஊரே கொதிச்சு போச்சு, ஆனா எழுதி இருந்த விதிப்படி தப்பே இல்ல. இன்னைக்கு ஆளுக்கு ஒரு பதிவு தான்னு நீங்க பாக்குற விதி எல்லாம் இந்த மாதிரி ஆளுங்களுக்கு பயந்து வச்சதா தான் இருக்கும்.

ராப்பட்சி:
தாத்தா நீங்க எனக்கு தான் பாயிண்ட் எடுத்து குடுத்தீங்க. 69ல 30 பேர் நம்ம குழுன்னா நடத்துறவங்க கண்ணுல நாமளும் அந்த கால்டெக் 26 பேர் மாதிரி தான் தெரிவோம். சின்ன கம்பெனிக்காரங்க தங்களோட வாடிக்கையாளர் நாலு பேர் கலந்துக்கணும்னு தான் வைக்கிறாங்க. எங்கிருந்தோ 29 பேர் ஒரே ராத்திரில வந்து "சூப்பர், பரிசு எனக்கே" ன்னு போட்டா அடுத்த தடவை போட்டியே வைக்க மாட்டாங்க.

ஃபிளாஸ்க்ராணி:
இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம் தான், ஒத்துக்குறேன். இனிமே லிங்க் போடுறப்ப "வெறும் பரிசு எனக்கேன்னு போடாதீங்க, அவங்க பொருள் என்னன்னு ஒரு நிமிஷமாவது பாத்துட்டு உருப்படியா ஒரு வரி எழுதுங்க"ன்னு சேத்து போடுறேன்.

ஸ்லோகன்செல்வி:
நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன். குலுக்கல்னா லிங்க் போடுங்க, எனக்கு கவலையே இல்ல. எழுத்து போட்டினாலும் லிங்க் போடுங்க, 30 பேர் வந்தா என்ன, நல்ல வரி தான ஜெயிக்க போகுது. ஆனா வரிய மட்டும் போட்டி முடியுற வரைக்கும் வெளிய காட்டாதீங்க. என் கதை கேளுங்க. ஒரு சைக்கிள் போட்டி, "இந்த சைக்கிள் எனக்கு ஏன் வேணும்"னு 20 வார்த்தைக்குள்ள. நான் எழுதுனது: "என் முழங்காலுக்கு டாக்டர் சொன்னது நடைப்பயிற்சி, என் சோம்பேறித்தனம் சொன்னது உக்காந்துக்கிட்டே செய்யின்னு, ரெண்டுக்கும் நடுவுல சமாதானம் பேச ஒரு சைக்கிள் வேணும்." 17 வார்த்தை. இன்னும் மூணு மிச்சம் இருக்கே, எங்கயாவது சொருகலாமான்னு அப்ப நான் இருந்த வேற ஒரு குழுல போட்டு கேட்டேன், என் கெட்ட நேரம். ரிசல்ட் வந்தா ஜெயிச்ச வரில அதே முழங்கால், அதே சோம்பேறித்தனம், சமாதானத்துக்கு பதிலா பஞ்சாயத்துன்னு மாத்தி இருந்துச்சு. எடுத்தவங்க வேணும்னே எடுத்தாங்களா, படிச்சது மனசுல தங்கி தன்னோடதுன்னே நினைச்சு எழுதிட்டாங்களா தெரியாது. அந்த சைக்கிள் போட்டோவ பாத்தப்ப முழங்கால் நிஜமாவே வலிச்சுது.

தபால்தாத்தா:
செல்வி, உள்ளத சொல்லணும்னா பஞ்சாயத்து தான் அங்க நல்லா உக்காருது மா

ஸ்லோகன்செல்வி:
தாத்தா!!!

புதுவரவு:
நடுவுல ஒரு டவுட். இப்ப தான் ஒரு மெசேஜ் வந்துச்சு, எனக்கு ஃபோன் விழுந்திருக்காம், அனுப்புறதுக்கு முன்னாடி ப்ராசஸிங் ஃபீஸ் கட்டணுமாம். அந்த போட்டில நான் கலந்துக்கிட்ட மாதிரி ஞாபகமே இல்ல, ஷீட்லயும் இல்ல

ராப்பட்சி:
கட்டாத!! ஷீட்ல இல்லாத போட்டிக்கு பரிசு வராது. நிஜ பரிசு எதுவும் இப்படி ப்ராசஸிங் ஃபீஸ் கட்ட சொல்லாது, ஓடிபி கேக்காது. அந்த அக்கவுண்ட் பேர எழுத்து எழுத்தா படி, நிஜ கம்பெனி பேர்ல ஒரு எழுத்து கூடவோ குறையவோ இருக்கும் பாரு. பிளாக் பண்ணிட்டு அந்த கம்பெனியோட உண்மையான பேஜ்ல போய் சொல்லிடு, அவங்களுக்கும் தெரியட்டும்.

புதுவரவு:
ஆமா அண்ணா கடைசில ஒரு புள்ளி கூடுதலா இருக்கு. தேங்க்ஸ் 🙏

ஃபிளாஸ்க்ராணி:
பாத்தீங்களா, லிங்க் கேட்டா முறைக்கிறவர் இதுக்கு நிமிஷத்துல ஓடி வந்துட்டார். ராப்பட்சி, ஒண்ணு கேக்கவா, கோச்சுக்காதீங்க. போன வருஷம் ஹெட்போன் ஜெயிச்சீங்களே, அது எப்படி தெரிஞ்சுது உங்களுக்கு?

ராப்பட்சி:
அக்கா அது வேற விஷயம்

ஃபிளாஸ்க்ராணி:
வேற விஷயம் இல்ல. உங்களுக்கு வந்த மெயில் ஸ்பேம்ல ஆறு நாளா தூங்கிட்டிருந்துச்சு. ஏழு நாளைக்குள்ள பதில் சொல்லலன்னா வேற ஆளுக்கு குலுக்குவோம்னு போட்டிருந்தாங்க. நானும் அதே போட்டிக்கு போட்டிருந்ததால தான் ஜெயிச்சவங்க லிஸ்ட பாக்க போனேன், என் பேர் இல்ல, உங்க பேர் இருந்துச்சு, ராத்திரி பத்தரைக்கு உங்கள எழுப்பி சொன்னேன். அந்த லிங்க் இந்த குழுல வந்தது தான். வந்திருக்கலைன்னா நான் அந்த லிஸ்ட் பக்கமே போயிருக்க மாட்டேன்.

கணக்குவாத்தி:
இதை நான் கணக்குல சேக்கவே இல்லையே. ஜெயிக்கிற வாய்ப்ப மட்டும் பாத்தேன், ஜெயிச்சது கைக்கு வர்ற வாய்ப்ப விட்டுட்டேன்.

ராப்பட்சி:
சரி அந்த ஒண்ணு உண்மை, மறுக்கல. அந்த ஹெட்போன மாட்டிட்டு தான் இப்ப கூட டைப் பண்றேன். ஆனாலும் பழைய கடன காட்டி வாய அடைக்கிறது போங்கு ஆட்டம். வேணும்னா ஒரு சமாதானத்துக்கு வரேன், சின்ன போட்டி கிடைச்சா ஒரு நாள் நான் வச்சுக்கிட்டு அடுத்த நாள் இங்க போடுறேன்.

கணக்குவாத்தி:
குலுக்கல்ல முதல்ல போட்டவருக்கும் கடைசில போட்டவருக்கும் ஒரே வாய்ப்பு தான், ஒரு நாள் வச்சுக்கிட்டு என்ன பண்ண போறீங்க?

ராப்பட்சி:
மனசு ஆற ஒரு நாள் வேணும் சார்

ஸ்லோகன்செல்வி:
அப்ப உடனே தெரியுற போட்டி? பட்டன் அமுக்குன உடனே ஜெயிச்சியா இல்லையான்னு காட்டுமே, அதுல நேரம் முக்கியம் தான?

ராப்பட்சி:
அதுல ரொம்ப முக்கியம். பல போட்டில ஜெயிக்கிற நேரத்த முன்னாடியே குறிச்சு வச்சிருப்பாங்க, அந்த நேரம் தாண்டுன உடனே முதல்ல அமுக்குறவங்களுக்கு பரிசு. ஊரே முழிச்சிருக்கப்ப அமுக்குனா கூட்டம், ராத்திரி 3 மணிக்கு அமுக்குனா போட்டிக்கு ஆள் கம்மி. என் பேர் சும்மா வரல. லிங்க் வேணா தரேன், ஆனா 3 மணி என்னோடது. யாரும் அலாரம் வைக்காதீங்க.

சிடுமூஞ்சி:
2:55க்கு வச்சுட்டேன்

தபால்தாத்தா:
எனக்கு எப்படியும் மூணு மணிக்கு தூக்கம் கலைஞ்சுடும், நான் என்ன பண்ணட்டும்.

ராப்பட்சி:
இதுக்கு தான் வாயே திறக்குறது இல்ல 🤦

புதுவரவு:
அக்கா அந்த பேனா போட்டி இன்னைக்கு இரவு 11:59 வரைக்கும்னு போட்டிருக்காங்க, அது எந்த நாட்டு நேரம்? ஏன் கேக்குறேன்னா அன்னைக்கு கமெண்ட்ல என் பேர்லயே எழுத்துப்பிழை, அழிச்சுட்டு திரும்ப போட்டா ரெண்டு பதிவா எடுத்துக்குவாங்களா?

ஃபிளாஸ்க்ராணி:
அழிக்காத மா, எடிட் பண்ணு. நேரம் விதில கடைசி வரில சின்ன எழுத்துல இருக்கும் பாரு. இல்லன்னா சாயந்தரத்துக்குள்ள முடிச்சுடு, கடைசி நிமிஷம் வேணாம். அப்புறம் ஃபிளாஸ்க் யாருக்காவது வேணுமா? சீல் பிரிக்கல.