புதுப்பிப்பு: டுங்கெல் லாகரில் வெண்ணெய் வாடை போயிடுச்சு

முனிக் பாணி டுங்கெல் (கருமை நிற லாகர் பீர்) காய்ச்சினேன், 10 டிகிரியில் நொதிக்கிறப்போ வெண்ணெய் வாடை அடிக்குதுன்னு ரெண்டு மாசம் முன்னாடி கேட்டிருந்தேன். நீங்க சொன்னபடியே நொதிப்பு முடியப்போற நேரத்தில் 16 டிகிரிக்கு ஏத்தி மூணு நாள் விட்டேன். வாடைக்குக் காரணமான டைஅசிட்டைலை ஈஸ்ட்டே திரும்ப உறிஞ்சிக்கிச்சு. அப்புறம் 2 டிகிரியில் ஆறு வாரம்.

நேத்து திறந்தேன். அந்த வாடை துளிகூட இல்லை!

டிகாக்‌ஷன் முறைக்குப் பட்ட பாடும் வீண் போகலை. அதாவது மால்ட் (முளைகட்டி உலர்த்தின தானியம்) கூழில் கெட்டியான பகுதியா மூணில் ஒரு பங்கை எடுத்து, அடிப்பிடிக்காம கிளறிக் கிளறி அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். திரும்ப ஊத்தினதும் மொத்தக் கூழும் 64-லிருந்து 72-க்கு ஏறுச்சு. இப்போ குடிச்சா நல்லா சிவந்த ரொட்டியோட மேல்தோல் ருசி. சும்மா சூடாக்கின என் பழைய பீர்ல இது வந்ததே இல்லை.

ஈஸ்ட்டை எடுத்து வச்சிருக்கேன், அடுத்தது ஹெல்லெஸ் (வெளிர் நிற லாகர்). வழி சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.