பில்லிங் மிஷினில் சாயங்காலம் மட்டும் டச் தானாக விழுகிறது, என்ன காரணம்?

கடலைமிட்டாய்க் கடை | ஞாயிறு, இரவு 10:20

வணக்கம். கோவில்பட்டியில் சின்னதாக ஒரு மிட்டாய்க் கடை வைத்திருக்கிறேன். தை மாதம் ஓர் ஓட்டலை மூடியபோது அவர்களுடைய பழைய பில்லிங் மிஷினை வாங்கினேன். 15 இன்ச் திரை, இரும்பு ஸ்டாண்ட், தூக்க இரண்டு ஆள் வேண்டும். மூன்று மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. சித்திரை பாதியில் ஆரம்பித்தது வினை.

சாயங்காலம் நாலரை மணி ஆனால் யாரும் தொடாமலே டச் விழுகிறது. எப்போதும் திரையின் இடது பக்கம்தான். அங்கே எள்ளுருண்டைக்கு ஒரு பட்டன் இருக்கிறது. நேற்று ஒரு பாட்டி இரண்டு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கினார், பில்லில் 11 எள்ளுருண்டையும் சேர்ந்து வந்தது. பாட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆறு மணி தாண்டினால் தானாக அடங்கிவிடுகிறது. காலையில் கோளாறே கிடையாது. போன வாரம் இரண்டு நாள் கோடை மழை, அந்த இரண்டு நாளும் மிஷின் சமர்த்தாக இருந்தது.

உள்ளூரில் ஒருவரை அழைத்துக் காட்டினேன். காலையில் வந்தார். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று அரை மணி நேரம் பார்த்தார், அப்புறம் "டச் போர்டு போய்விட்டது, 9,000 ஆகும்" என்றார். பணத்தைக் கொடுப்பதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

ஸ்க்ரூடிரைவர் தம்பி | ஞாயிறு, இரவு 10:52

அண்ணா, நான் செல்போன் சர்வீஸ் செய்கிறவன். "சார்ஜ் போட்டால் டச்சுக்குப் பைத்தியம் பிடிக்கிறது" என்று தினமும் ஒருவராவது வருவார். பெரும்பாலும் மட்டமான சார்ஜர்தான் காரணம்.

போன் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். இண்டியம் டின் ஆக்சைடு என்ற பூச்சு, ஒளியும் ஊடுருவும், மின்சாரமும் பாயும். கோடுகள் சந்திக்கும் இடத்தில் துளி மின்னூட்டம் நிற்கும். விரல் பக்கத்தில் வந்தால் அதில் கொஞ்சத்தை நம் உடம்பு இழுத்துக்கொள்ளும். அந்தக் குறைவைத்தான் சிப் தொடுதல் என்று எடுத்துக்கொள்கிறது. அடாப்டரிலிருந்து இரைச்சல் கலந்தால் எது விரல், எது இரைச்சல் என்று அதற்குத் தெரியாது. சாயங்காலம் எல்லார் வீட்டிலும் மோட்டார் ஓடும், வோல்டேஜ் ஆடும். மெயினை அணைத்துவிட்டு யூபிஎஸ்ஸில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். எர்த் பின் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடலைமிட்டாய்க் கடை | திங்கள், மாலை 6:40

எர்த் பின் இருக்கிறது தம்பி. நாலே முக்காலுக்கு மெயினை அணைத்து யூபிஎஸ்ஸில் ஓட்டினேன். எள்ளுருண்டை விற்பனை அமோகம்.

நெல்லை கணினி | திங்கள், இரவு 8:15

கேலிபிரேஷன் போடுங்கள் சார். மூலைக்கு ஒரு பிளஸ் குறி வரும், வரிசையாகத் தொட்டால் முடிந்தது.

கடலைமிட்டாய்க் கடை | செவ்வாய், மாலை 5:25

போட்டேன். மூன்றாவது குறியை நான் தொடும் முன்பே அதுவே தொட்டுக்கொண்டது. இப்போது கடலைமிட்டாயைத் தொட்டால் பொரியுருண்டை விழுகிறது. யாராவது காப்பாற்றுங்கள்.

ரிட்டயர்டு சோல்டரிங் | செவ்வாய், இரவு 9:05

தம்பி, இனி எதையும் மாற்றாதீர்கள். நாளைக் காலை மிஷின் ஒழுங்காக இருக்கிற நேரத்தில் அதே கேலிபிரேஷனை மறுபடி போடுங்கள், பொரியுருண்டை போய்விடும்.

ஆளாளுக்கு மருந்து சொல்கிறீர்கள், நோயாளி யார் என்று ஒருவரும் கேட்கவில்லையே. எல்லா டச்சும் ஒரே சரக்கு இல்லை. போனுக்குச் சொல்லும் வைத்தியம் வேறு ரகத்தில் பலிக்காது. முதலில் எந்த ரகம் என்று பார்ப்போம். ஒரு பேனா மூடி, ஒரு துண்டுக் காகிதம் போதும்.

மூடியால் தட்டுங்கள். போன் மாதிரி டச் என்றால் பிளாஸ்டிக்கை மதிக்காது. கண்ணாடி மேல் காதுக்கு எட்டாத ஒலியை ஓடவிடுகிற ரகம் ஒன்று உண்டு. விரல் போல மெத்தென்ற பொருள் அந்த ஒலியை உறிஞ்சினால்தான் தொட்டதாகக் கணக்கு, ஆகவே அதுவும் மூடியை மதிக்காது. மூடிக்கு வேலை செய்தால், அடுத்து நகத்தால் லேசாக அழுத்துங்கள். மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் அமுங்கினால் ரெசிஸ்டிவ். அமுங்கவில்லை என்றால் காகிதத்தைச் சுருட்டி, கண்ணாடியில் படாமல், ஒரு நெல் இடைவெளி விட்டுக் காட்டுங்கள்.

இன்னொரு கேள்வி, சிரிக்காதீர்கள். திரையில் ஈ உட்கார்ந்தால் என்ன ஆகிறது?

கடலைமிட்டாய்க் கடை | புதன், காலை 11:10

ஐயா, உங்களுக்கு எப்படித் தெரியும்? ஈ உட்கார்ந்தால் பில் விழுகிறது! மிட்டாய்க் கடையில் ஈக்கா பஞ்சம், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

மூடிக்கு வேலை செய்கிறது. திரை சுத்தக் கண்ணாடி, அமுங்கவில்லை. காகிதச் சுருள் கண்ணாடியில் படவே இல்லை, அதற்குள் பட்டன் விழுந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பையன் பேய் என்கிறான். கேலிபிரேஷன் சரியாகிவிட்டது, நன்றி.

ரிட்டயர்டு சோல்டரிங் | புதன், மதியம் 1:30

பேய் இல்லை, இன்ஃப்ராரெட். உங்கள் கண்ணாடியில் எந்தப் பூச்சும் கிடையாது, அது வெறும் கண்ணாடி. வேலை எல்லாம் சுற்றியுள்ள சட்டத்துக்குள் நடக்கிறது. இரண்டு பக்கம் வரிசையாகக் குட்டி எல்ஈடிகள், எதிர்ப் பக்கங்களில் அதே எண்ணிக்கையில் ஒளி வாங்கிகள். கண்ணாடிக்கு நூல் பிடித்தாற்போல் சற்று மேலே, கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடுகளின் வலை ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. குறுக்கே எது வந்தாலும் ஒரு நெடுக்குக் கோடும் ஒரு கிடைக் கோடும் அறுபடும், அந்த இடம்தான் தொட்ட இடம். விரலா, மூடியா, ஈயா என்று அதற்குக் கவலை இல்லை.

போன் கேமராவைத் திறந்து சட்டத்தின் உள் விளிம்பைப் பாருங்கள், டிவி ரிமோட்டைச் சோதிப்பது மாதிரி. பின் கேமராவில் தெரியாவிட்டால் முன் கேமரா. எந்தெந்தப் பக்கம் மங்கலாக ஊதாப் புள்ளிகள் தெரிகின்றன என்று சொல்லுங்கள். அப்புறம் கடை எந்தத் திசை பார்த்தது, நீங்கள் எந்தத் திசை பார்த்து உட்காருகிறீர்கள்?

கடலைமிட்டாய்க் கடை | புதன், மதியம் 2:45

வலது ஓரத்திலும் மேலேயும் புள்ளிகள் தெரிகின்றன. இடது பக்கமும் கீழேயும் இருட்டு.

மேற்குப் பார்த்த கடை. கல்லா வடக்குச் சுவரை ஒட்டி, நான் தெற்குப் பார்த்து உட்காருவேன், தெரு என் வலது கைப்பக்கம். வெயில்தான் காரணம் என்கிறீர்களா? மாசி மாதமும் இதே வெயில்தானே அடித்தது, அப்போது ஏன் ஒன்றும் ஆகவில்லை?

ரிட்டயர்டு சோல்டரிங் | புதன், மாலை 4:00

நல்ல கேள்வி. மாசியில் சூரியன் நேர் மேற்கில் விழுவதில்லை, கொஞ்சம் தெற்கே ஒதுங்கி விழும். அப்போது வெயில் உங்கள் மிஷினின் முதுகில் பட்டிருக்கும். பங்குனி முதல் வாரத்துக்கு அப்புறம் அது நேர் மேற்கைத் தாண்டி வடக்கே நகர ஆரம்பிக்கும். சித்திரை பாதிக்கு நன்றாகவே நகர்ந்துவிடும். இப்போது சாய்வெயில் வலது பக்கத்திலிருந்து திரையின் முகத்தை உரசிக்கொண்டு போய், இடது விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் இருக்கிற வாங்கிகளுக்குள் நேராக விழுகிறது. நாலரை வரை முன்சாய்ப்புத் தகரம் மறைத்திருக்கும். ஆறுக்கு மேல் எதிர்க் கட்டடம் மறைக்கும். மழை நாளில் மேகம்.

எல்ஈடி அணைந்திருக்கும்போது எவ்வளவு வெளிச்சம், எரியும்போது எவ்வளவு என்று பார்த்து, வித்தியாசத்தைத்தான் மிஷின் கணக்கில் எடுக்கும். அறை விளக்கு ஏமாற்றாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆனால் வெயிலிலும் இன்ஃப்ராரெட் கொட்டிக் கிடக்கிறது. அது நேராக விழுந்தால் வாங்கி திணறிவிடும். எல்ஈடி எரிந்தாலும் அணைந்தாலும் அதற்கு ஒன்றுதான். வித்தியாசம் பூஜ்யம், அதாவது கோடு அறுந்துவிட்டது, அதாவது யாரோ தொட்டுவிட்டார்கள். உடனே ஓர் எள்ளுருண்டை.

மணி நாலு. ஓர் அட்டையை எடுத்து வலது பக்கம் மறைப்பாக வைத்துவிட்டு நாலரைக்குப் பாருங்கள்.

பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு | புதன், மாலை 4:35

ஐயா, நடுவில் ஒரு சந்தேகம். இன்ஃப்ராரெட், ரெசிஸ்டிவ் எல்லாம் பழசு, போனில் இருப்பது கடைசியாக வந்தது, அப்படித்தானே? எங்கள் சார் வரிசையாக அப்படித்தான் எழுதிப் போட்டார்.

ரிட்டயர்டு சோல்டரிங் | புதன், மாலை 5:50

வரிசை நேர்மாறு தம்பி. முதலில் வந்ததே உங்கள் போன் ஜாதிதான். இங்கிலாந்தில் மால்வெர்ன் என்ற ஊரில் ராடார் ஆராய்ச்சி நிலையம் ஒன்று. அங்கே இருந்த ஈ. ஏ. ஜான்சன் 1965-லேயே போன் ரகமான கபாசிட்டிவ் டச்சைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவர்கள் திரையிலேயே தொட்டு வேலை பார்க்க வேண்டும் என்பதற்காக. ஜெனீவா பக்கம் செர்ன் ஆய்வகத்தில் பெண்ட் ஸ்டம்பும் ஃபிராங்க் பெக்கும் 1973 வாக்கில் ஒளி ஊடுருவும் கபாசிட்டிவ் திரை செய்தார்கள், பெரிய துகள் முடுக்கி ஒன்றின் கட்டுப்பாட்டு அறைக்கு. சட்டைப்பைக்குள் அது வந்தது 2007-ல், ஐபோனோடும் அதற்குச் சற்று முந்திய எல்ஜி பிராடாவோடும். நாற்பது வருஷம்! துளித்துளி மின்னூட்டத்தை நொடிக்குப் பல முறை அளந்து இரைச்சலைப் பிரிக்க மலிவான சிப் வர அவ்வளவு காலம் ஆயிற்று.

நடுவில் ஆண்டது ரெசிஸ்டிவ். அமெரிக்காவில் சாமுவேல் ஹர்ஸ்ட் என்ற இயற்பியலாளர் வரைபடத் தாள்களிலிருந்து அளவுகளைச் சீக்கிரம் படித்தெடுக்க ஒரு பலகை செய்தார், அந்த வழியில் வந்தது அது. 1971-ல் கம்பெனியும் தொடங்கிவிட்டார். பழைய ரேடியோவின் வால்யூம் குமிழைத் தட்டையாக விரித்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தாள், நடுவே இடைவெளி, ஒன்றில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வோல்டேஜ். அழுத்திய இடத்தில் இரண்டும் ஒட்டும், அங்கே எத்தனை வோல்ட் என்று பார்த்தால் இடம் தெரிந்துவிடும். பாம் பைலட் கையடக்கக் கணினி, நிண்டெண்டோ டிஎஸ் விளையாட்டுக் கருவி எல்லாம் இதுதான். குச்சியால் எழுதலாம், ஆனால் இரண்டு விரல் வைத்தால் குழம்பிவிடும். கேலிபிரேஷன் சடங்கு அதிகம் தேவைப்பட்டதும் இதற்குத்தான். நெல்லை கணினி சார் அந்தக் காலத்து ஆள் போல.

இன்ஃப்ராரெட் 1972-ல் இலினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ 4 கணினியிலேயே வந்துவிட்டது. குறுக்கே 16, நெடுக்கே 16 கட்டம், அவ்வளவுதான். பாடம் படிக்கிற மாணவர்கள் விடையைத் தொட்டுக் காட்டுவார்கள். 1983-ல் எச்பி-150 என்ற மேசைக் கணினி, திரையைச் சுற்றிச் சட்டத்தில் சின்னச் சின்னத் துளைகள். அதில் தூசி அடைத்துக்கொள்ளும், சுத்தம் செய்து மாளாது. பழசு என்று ஒதுக்கவும் முடியாது. பள்ளிகளில் இப்போது மாட்டுகிற ஸ்மார்ட் போர்டுகளில் பெரும்பாலும் இதுதான். திரை பெரிதாகப் பெரிதாகப் பூச்சு மின்கோடு நீளும், அதன் தடை கூடும், செலவும் கூடும். சட்டத்தை நீட்டுவது சுலபம்.

கடலைமிட்டாய்க் கடை | புதன், இரவு 9:30

தினசரி காலண்டர் அட்டையைப் பிள்ளையார் படத்தோடு கழற்றி வலது பக்கம் சாத்தினேன். ஒரு எள்ளுருண்டைகூட விழவில்லை. எடுத்தேன், விழுந்தது. சாத்தினேன், நின்றது. பையன் அதையே விளையாட்டாகச் செய்துகொண்டிருந்தான், பிடுங்கி வைத்தேன். நாளைக்குக் கறுப்பு பிளைவுட்டில் ஒரு மறைப்பு அடிக்கச் சொல்லிவிட்டேன்.

டார்ச் அடித்துப் பார்த்ததில் கீழ் விளிம்பு முழுக்க வெல்லப் பிசுக்கும் கடலைத் தோலும்.

ரிட்டயர்டு சோல்டரிங் | புதன், இரவு 10:05

மிஷினை அணைத்துவிட்டுப் பழைய டூத் பிரஷ், அப்புறம் லேசாக ஈரத் துணி. திரவம் எதையும் நேராகத் தெளிக்காதீர்கள், சட்டத்துக்குள் இறங்கினால் அப்போது நிஜமாகவே 9,000 ஆகும். மறைப்பைச் சட்டத்தில் ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கார்த்திகையில் வேண்டாம், பங்குனியில் மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.

ஸ்க்ரூடிரைவர் தம்பி | புதன், இரவு 10:20

அண்ணா, சார்ஜர் என்று சொன்னதற்கு மன்னிக்கவும். சரி, ஈக்கு என்ன வழி?

ரிட்டயர்டு சோல்டரிங் | வியாழன், காலை 7:15

டச் மென்பொருளில் குறைந்தபட்சத் தொடு அளவு என்றோ அது போலவோ ஒரு செட்டிங் இருந்தால் ஒரு படி கூட்டிப் பாருங்கள். ஒரே ஒரு கோடு அறுந்தால் கண்டுகொள்ளாது. ரொம்பக் கூட்டினால் பேனா மூடிக்கும் வேலை செய்யாது.

கடலைமிட்டாய்க் கடை | வியாழன், மதியம் 12:40

இருந்தது, கூட்டிவிட்டேன். இதை எழுதும்போது பொரியுருண்டைப் பட்டன் மேல் ஒரு ஈ உட்கார்ந்திருக்கிறது. பில் விழவில்லை.