எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் ஹேர்னியா: ஸ்கானில் தெரியாமற்போகுமா?

வெள்ளவத்தை வாசகி:
என் அக்காவுக்குச் சென்ற ஆண்டு லப்பரஸ்கோபி முறையில் (சிறு துளைகள் வழியே கருவிகளை நுழைத்து) இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றும் ஸ்லீவ் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. எடை நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் அண்மைக்காலமாக, தொப்புளுக்கு வலப்புறமுள்ள பெரிய தழும்பின் கீழ், இருமும்போதும் அரிசிப் பையைத் தூக்கும்போதும் தேசிக்காய் அளவில் ஒரு புடைப்பு எழுகிறது, படுத்தால் மறைந்துவிடுகிறது. கிளினிக்கில் படுக்கவைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். வயிற்று அல்ட்ராசவுண்ட் அறிக்கையிலும் அப்படியே உள்ளது. இத்துடன் விட்டுவிடலாமா?

தெஹிவளை (கதிரியக்கப் பிரிவில் பணி):
விட்டுவிட வேண்டாம். கருவி நுழைத்த துளையில் உண்டாகும் ஹேர்னியா, அதாவது வயிற்றுச் சுவரின் இடைவெளியால் குடலோ கொழுப்போ வெளித்தள்ளுவது, இப்படித்தான் நடந்துகொள்ளும். 5 மில்லிமீற்றர் துளைகளில் இது அரிது. 10 மில்லிமீற்றரும் அதற்கு மேற்பட்டனவுமே பெரும்பாலும் தொல்லை தருகின்றன. ஸ்லீவில் வெட்டிய இரைப்பையை வெளியே எடுப்பதற்கு அவற்றுள் ஒன்றைச் சற்று அகலப்படுத்துவதும் உண்டு. தடித்த கொழுப்பின் அடியிலிருக்கும் தசையுறையைத் தையலிட்டு மூடுவதோ எளிதன்று.

அதே கொழுப்பினால்தான் சிறிய இடைவெளி விரலுக்கு எட்டுவதில்லை. கைக்கு அகப்படாத பல ஹேர்னியாக்கள் அல்ட்ராசவுண்டிலும் சீ.டீ.யிலும் வெளிப்படுகின்றன. ஆனால் அசையாமல் படுக்கவைத்து எடுத்த ஸ்கானில், உள்ளே திரும்பிவிட்ட ஹேர்னியா தெரியாமற்போகலாம். மேலும், ஈரலையும் பித்தப்பையையும் பார்க்கும் வழக்கமான ஸ்கான் வேறு, வயிற்றுச் சுவரைப் பார்க்கும் ஸ்கான் வேறு. பின்னதற்குத் தோலுக்கு அண்மையிலுள்ள படைகளைத் தெளிவாகக் காட்டும் முனையைப் பயன்படுத்துவார்கள். எனவே ஸ்கானுக்கு எழுதும் துண்டில் "வயிற்றுச் சுவர், துளைத் தழும்பு" என்று குறிப்பிட்டுத் தருமாறு வைத்தியரிடம் கேளுங்கள். புடைப்பு எழும் இடத்தை அக்கா நின்றபடி பேனையால் வட்டமிட்டுக்கொண்டு போகட்டும். மூச்சை அடக்கி முக்கும்போதும் நிற்கும்போதும் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் ஐயம் தீராவிட்டால் சீ.டீ. எடுக்கலாம், அதையும் முக்கியபடியே எடுப்பது நல்லது.

கொட்டாஞ்சேனை:
எடை குறைக்க இரைப்பை பைபாஸ் செய்துகொண்ட என் போன்றவர்களுக்காக ஒன்று. எங்களுக்கு வெளியே புடைப்பே இல்லாமல், குடலைத் தாங்கும் சவ்வில் உண்டான இடைவெளிக்குள் குடல் நுழைந்துகொள்ளும் உள்ளக ஹேர்னியாவும் வரக்கூடும். சாப்பிட்டபின் விட்டுவிட்டு வரும் முறுக்குவலியே அதன் அடையாளம். சீ.டீ. சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால், மீண்டும் லப்பரஸ்கோபி செய்து பார்க்க நேரிடலாம்.

வெள்ளவத்தை வாசகி:
நன்றி. எந்த நிலையில் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் ஓடவேண்டும்?

தெஹிவளை:
புடைப்பு உள்ளே போகாமல் இறுகி நோவெடுத்தால், மேலுள்ள தோல் சிவந்தால், அல்லது வாந்தி தொடங்கினால், உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். மலமும் காற்றும் போகின்றனவே என்று பொறுத்திருக்க வேண்டாம்; துளை சிறிதாகையால் குடற்சுவரின் ஒரு பக்கம் மட்டும் அதில் சிக்கி அழுகத் தொடங்கலாம், அப்போது குடல் முழுவதும் அடைபடுவதில்லை.