வால்யூமைத் திருகினால் பாவம் வந்துவிடுமா?

மண்டபம் மாஸ்டர்:
நேற்று உப்புக்காற்று எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. பியானோ படிக்கும் பிள்ளைக்கு டச் உள்ள கீபோர்டு, அதாவது மெல்லத் தட்டினால் மெல்லவும் ஓங்கித் தட்டினால் ஓங்கியும் ஒலிக்கிற கீபோர்டு, தேவையில்லையாம், இடது கையால் வால்யூமைத் திருகியே பாட்டின் உணர்ச்சியை, அதான் பாவத்தை, காட்டலாமாம். 1700 வாக்கில் இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி சுத்தியல் வைத்துப் பியானோ செய்ததே, விரலின் அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் கூடிக் குறையத்தான். பியானோஃபோர்ட்டே என்ற அதன் முழுப் பெயருக்கு அர்த்தமே மெதுவாக, ஓங்கி என்பதுதான். இருபது வருடமாக விரல் விரலாகப் பழக்குகிறேன். திருகுகிறதாம்!

உப்புக்காற்று:
டச் இல்லாத வீட்டில் அதையாவது செய்யட்டும் என்றேன், அவ்வளவுதான். என்னிடம் வருகிற எட்டுப் பேரில் ஆறு பேர் வீட்டில் டச் இல்லாத 61 கட்டை கீபோர்டு. அப்பாமார் விசைப்படகுக்குப் போகிறவர்கள். மீன்பிடித் தடையும் 61 நாள். அந்த நாளில் பள்ளிக்கூடப் பையே கடனில்தான் வருகிறது, இதில் 88 கட்டை பியானோவா? குழாய்களில் காற்று ஊதி ஒலிக்கும் பைப் ஆர்கனிலும் எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம்தான். காலால் மிதித்துத்தானே கூட்டுகிறார்கள், அதில் பாவம் இல்லையா?

மண்டபம் மாஸ்டர்:
காலால் மிதிப்பதும் கையால் திருகுவதும் ஒன்றா? இடது கை திருகப் போனால் அது வாசிக்க வேண்டியதை யார் வாசிப்பது, நீங்களா? மூன்று சுரத்தைச் சேர்த்து அடிக்கும் ஒரு கார்டில் சுண்டுவிரல் சுரம் மட்டும் மேலே கேட்க வேண்டும், மற்ற இரண்டும் அடங்க வேண்டும். திருகினால் மூன்றும் சேர்ந்தே ஏறும். மைக்செட்காரர் போதுமே, வாத்தியார் எதற்கு?

கீழக்கரைக்காரன்:
மாஸ்டர், அழுத்தம் என்பது தப்பு. கட்டை இறங்கும் வேகம்தான் கணக்கு. டச் கீபோர்டு அந்த வேகத்தைத்தான் 1 முதல் 127 வரை எண்ணாக அனுப்புகிறது. கட்டை அடியைத் தொட்ட பிறகு ஏறி உட்கார்ந்தாலும் சத்தம் கூடாது.

மண்டபம் மாஸ்டர்:
தம்பி, விரலுக்கு அது அழுத்தம்தான். போன வருடம் சுருதிப் பெட்டிச் சண்டையிலும் இப்படித்தான் நடுவில் புகுந்தீர்கள். நான் மறக்கவில்லை.

தொண்டி வாசகி:
பாவம் என்றால் என்ன என்று முதலில் பேசலாமா?

மண்டபம் மாஸ்டர்:
அதெல்லாம் அப்புறம் பேசலாம் அம்மா. திருகுவது சரியா, தப்பா? அதைச் சொல்லுங்கள்.

பாம்பன் பொண்ணு:
எங்கள் ஊர்க் கோவில் திருவிழாப் பூசையில் பார்த்தேன். காணிக்கைப் பாட்டு, பையன் அழகாக அடக்கி வாசித்துக்கொண்டிருந்தான். கடைசிச் சரணத்தில் இடது கை குமிழுக்குப் போனது. வேர்த்த விரல் வழுக்கி ஒரேயடியாக முழுசும் திருகிவிட்டது. ஸ்பீக்கர் அலறியதில் முன்வரிசையில் தூங்கிய பாட்டி "அலை வந்துருச்சு!" என்று எழுந்துவிட்டார்.

மண்டபம் மாஸ்டர்:
பார்த்தீர்களா! யார் மாணவன் என்று கேளுங்கள். கேளுங்கள்!

உப்புக்காற்று:
என் மாணவன்தான். அது பழைய ஸ்பீக்கர், என்ன செய்வது? அந்தப் பாட்டை முதலில் அவனை வாயால் பாட வைத்தேன். எங்கே மூச்சு விடுகிறானோ அங்கே கையைத் தூக்கச் சொன்னேன். ஒட்டி வாசிப்பது, விட்டு வாசிப்பது, வரி முடிவில் கொஞ்சம் தயங்குவது, இதற்கெல்லாம் டச் வேண்டாம். உங்கள் பிள்ளைகள் பியானோ கிரேடு பரீட்சைக்கு மூன்று பாட்டை மனப்பாடம் செய்து, வாத்தியார் பென்சிலால் வட்டம் போட்ட இடத்தில் மட்டும் ஓங்கி அடிக்கிறார்கள். அதுவும் பாவமோ?

மண்டபம் மாஸ்டர்:
என் பிள்ளைகளை இழுக்காதீர்கள். தயங்குவதைப் பற்றி எனக்கே பாடமா? வலது கை இழுக்கலாம், இடது கை தாளத்தை விடக்கூடாது என்று பியானோ மேதை சோப்பினே தன் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இடது கை! திருகப் போகிற அதே இடது கை!

கீழக்கரைக்காரன்:
சோப்பின் இருக்கட்டும். அழுத்தம் இல்லை, வேகம்.

மண்டபம் மாஸ்டர்:
உங்களுக்குப் பதில் சொல்லியாயிற்று.

பாம்பன் பொண்ணு:
சண்டைக்கு நடுவில் ஒரு உதவி. டச் உள்ள பழைய 61 கட்டை யாராவது விற்கிறீர்களா? எங்கள் வீடு கடலைப் பார்த்தது, ஈரத்தில் கட்டை ஒட்டிக்கொள்ளாததாக வேண்டும்.

மண்டபம் மாஸ்டர்:
வால்யூம் குமிழ் உடைந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.