கரண்டு பில் மட்டும் போதுமா, வீட்டுச் சூட்டையும் அளக்க வேண்டுமா?

மீனா, வேளச்சேரி:
எங்கள் அடுக்குமாடியில் குடியிருப்போர் சங்கத்தார் வீடுகளின் மின்செலவை ஆராயப் போகிறார்கள். ஒரு வருட ஈ.பி. ரீடிங், வீட்டில் உள்ள மின்சாதனங்களின் பட்டியல், அவ்வளவுதான். குறைவாக எரிக்கும் வீட்டை ‘முன்மாதிரி வீடு’ என்று அறிவிப்பார்களாம். எங்கள் பிளாக்கிலேயே குறைவான யூனிட் ஓடுவது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில். அங்கே ஒரு பாட்டி தனியாக இருக்கிறார், ஏசி கிடையாது. மே மாதம் ராத்திரி பத்து மணிக்கு மெத்தையில் கை வைத்தால் சுடும். இதற்குப் பெயர் சிக்கனமா? வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்க வேண்டும் என்கிறேன். சங்கத்தில் யாரும் கேட்கவில்லை.

ராகவன்:
சங்கம் செய்வதுதான் சரி. கரண்டு எங்கே போகிறது என்பது கேள்வி, யூனிட்தான் அதற்கு விடை. பழைய ஃபேன் 75 வாட். மூன்று ஃபேன் தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 135 யூனிட். குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு மாறினால் 54. இதைச் சொல்ல தெர்மாமீட்டர் எதற்கு? இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் பட்டியலின் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுக்கும் விலை ஏறுகிறது என்பது பல பேருக்குத் தெரியாது. அதைச் சொல்லிக் கொடுங்கள், அடுத்த பில்லிலேயே பலன் தெரியும். கத்திரி வெயிலில் சென்னை வீடு சுடும் என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டாம்.

இளங்கோ (கட்டட வேலை):
ராகவன் சார், ஃபேன் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை, உடம்பு வியர்வையைக் காய வைக்கிறது. மேல்தளத்துக்காரரின் தொல்லை காற்றின் சூட்டோடு முடிவதில்லை. பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட், சூட்டை உள்ளே விடச் சில மணி நேரம் எடுக்கும். வெளியே காற்று ஆறிய பிறகும் சீலிங் தலைக்கு மேல் அனலடித்துக்கொண்டே இருக்கும். முதல் மாடியில் இருப்பவருக்கு இது தெரியாது. ஒரே அளவு ஃப்ளாட், ஒரே யூனிட், ஆனால் ஒருவர் தூங்குகிறார், இன்னொருவர் விடிய விடிய விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பில்லில் இரண்டு பேரும் ஒன்று. அதனால்தான் யூனிட்டை மட்டும் வைத்து நல்ல வீடு, கெட்ட வீடு என்று பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வசதியில்லாததும் அந்தக் கணக்கில் சிக்கனமாகிவிடும்.

ராகவன்:
நம் ஊர்க்காரர்கள் சூட்டுக்குப் பழகியவர்கள். அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் 2014இல் வெளியிட்ட, எவ்வளவு சூடுவரை நம் மக்களுக்கு வசதியாக இருக்கிறது என்று பார்த்த இம்மாக் (IMAC) ஆய்வும் அதைத்தானே சொல்கிறது? அப்புறம், மக்கள் கருவியை எங்கே வைப்பார்கள்? ஒருவர் டி.வி. மேலே, இன்னொருவர் ஃபிரிட்ஜ் பக்கத்தில். அந்த எண்ணை வைத்து என்ன செய்வீர்கள்? 2020இல் டெல்லி ஆய்வு நிறுவனமான சி.இ.இ.டபிள்யூ. (CEEW) 21 மாநிலங்களில் சுமார் 15,000 வீடுகளில் போய்க் கேட்டுத்தான் கணக்கெடுத்தது.

இளங்கோ (கட்டட வேலை):
இம்மாக் அலுவலகக் கட்டடங்களில் எடுத்த ஆய்வு சார். பழக்கம் என்பது ஜன்னலைத் திறக்க முடிகிறவருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குக் கொசுவுக்குப் பயந்து எல்லாவற்றையும் சாத்தும் வீட்டுக்கு அது எப்படிப் பொருந்தும்?
சி.இ.இ.டபிள்யூ. கணக்கெடுப்பு நாட்டில் யாரிடம் என்ன இருக்கிறது என்று பார்க்க உதவும். ஒரு பிளாக்கில் எந்த அறை எப்போது வேகிறது என்று அதில் தேட முடியாது.
கருவி வைப்பதற்கு முறை இருக்கிறது. முதலில் எல்லாக் கருவிகளையும் ஒரே மேஜையில் ஒரு நாள் வைத்து, எது எவ்வளவு கூடவோ குறைவாகவோ காட்டுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு படுக்கையறையில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், வெயில் படும் சுவரையும் ஃபிரிட்ஜையும் விட்டுத் தள்ளி. கால் மணிக்கு ஒரு பதிவு போதும். சீலிங் அனலைப் பிடிக்க, பிங்பாங் பந்தில் ஓட்டை போட்டு, பளபளப்பில்லாத கறுப்பு பெயிண்ட் அடித்து, தெர்மாமீட்டர் முனையை நடுவில் செருக வேண்டும். பக்கத்தில் சும்மா தொங்கும் தெர்மாமீட்டரைவிடப் பந்து எவ்வளவு கூடக் காட்டுகிறது என்று பாருங்கள். அந்த வித்தியாசத்தில்தான் தளத்தின் அனல் தெரியும்.

ஜெயந்தி:
வாடகைக்கு இருப்பவளாக ஒன்று சொல்கிறேன். நான் இருப்பது சப் மீட்டர் வீடு, அதாவது ஈ.பி. மீட்டருக்குக் கீழே ஹவுஸ் ஓனர் வைத்த மீட்டர். ஹவுஸ் ஓனர் ஒரே விலையில் யூனிட்டுக்குப் பணம் வாங்குகிறார், ஈ.பி. கார்டை நான் பார்த்ததே இல்லை. என்னைப் போன்றவர்கள் உங்கள் பில் கணக்கிலேயே வரமாட்டோம். மொட்டை மாடிக்குக் கூலிங் டைல்ஸ் போடச் சொன்னால் “எல்லா வீடும் அப்படித்தான்மா” என்பார். கையில் ஒரு மாதப் பதிவு இருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது.
ஏசி வீட்டையும் விடாதீர்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை இழுக்காது, உள்ளே இருப்பதையே சுற்றும். நாலு பேர் கதவைச் சாத்திப் படுக்கிற அறையில் காலைக்குள் காற்று எப்படி ஆகும் என்று அங்கேயும் பார்க்க வேண்டும்.

ராகவன்:
ஜெயந்தி சொல்வது நியாயம்தான். சப் மீட்டர் வீட்டையும் சேர்க்கட்டும். ஆனால் கால் மணிப் பதிவை வாட்ஸப் குழுவில் போட்டால் எந்த வீட்டில் எப்போது ஆள் இல்லை என்று ஊருக்கே தெரியும். வீட்டு எண் இல்லாமல், தளவாரியாகச் சராசரி மட்டும் வெளியே வர வேண்டும். யூனிட் பட்டியல் முதலில், சூடு பிற்சேர்க்கையாக. என் நிலை இதுதான்.

மீனா, வேளச்சேரி:
வீட்டு எண் வேண்டாம், சரி. பிற்சேர்க்கை என்பதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். பின்னால் போட்டால் யாரும் புரட்டமாட்டார்கள், ஒரே வரியில் யூனிட்டும் ராத்திரி வெப்பமும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். அப்புறம் ஏப்ரலில் மொட்டை மாடியில் பாதிக்கு மட்டும் வெள்ளைப் பூச்சு அடிக்கலாம். பூசிய பாதிக்கும் பூசாத பாதிக்கும் கீழே உள்ள வீடுகளை மே முழுக்க ஒப்பிட்டால் பூச்சு எவ்வளவு உதவுகிறது என்று தெரிந்துவிடும்.

ராகவன்:
பூச்சுக்குப் பணம் யார் தருவார்கள்? தரைத்தளத்துக்காரர் எதற்குத் தர வேண்டும்?

இளங்கோ (கட்டட வேலை):
லிஃப்ட்டுக்கு அவர் மெயின்டனன்ஸ் தருகிறார் இல்லையா சார்? மொட்டை மாடியும் பொதுச் சொத்துதான்.