கோயில் இதழுக்கு எந்தக் குறுக்கெழுத்து?

கட்டக்காரன், ரோஸ்ஹில், மொரீஷியஸ்
கோயில் இதழில் ஞாயிறுதோறும் குறுக்கெழுத்து போடுவதென்று முடிவாகிவிட்டது. பொருளை நேராகச் சொல்லும் நேர்க் குறிப்பா, சொல்லை உடைத்து மறைத்துக் கேட்கும் சிலேடைக் குறிப்பா என்பதில்தான் இழுபறி. என் கட்சி சிலேடை. 'மொரீஷியஸின் தலைநகரம்' என்று கேட்டால் போர்ட் லூயி என்று நிரப்பிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம், அதில் என்ன ருசி? இதைப் போடுங்கள் பார்ப்போம், அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை: 'கடை திறந்ததும் தலை போன இரும்பு, ஆலையில் பிழிபடும் (4)'.

வகோவா வாத்தியார்
தம்பி, இரும்பை யார் பிழிவார்கள்? என் வகுப்பில் தமிழ் எடுக்கும் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் கிரியோல் மொழிதான். தமிழெழுத்தை ரூபாய் நோட்டில் பார்ப்பதோடு சரி. முதல் குறுக்கெழுத்தும் 1913 டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை, 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையில்தான் வந்தது. போட்டவர் ஆர்தர் வின். குறிப்பெல்லாம் நேரானவை. அதைப் பார்த்துத்தான் உலகமே பைத்தியமானது.

கட்டக்காரன்
அப்படியானால் வின் போட்ட வைர வடிவக் கட்டத்தையே நாமும் போடவேண்டுமே! 1926-இல் லண்டன் 'அப்சர்வர்' ஞாயிறு இதழில் டார்கிமாடா என்ற புனைபெயரில் எட்வர்டு போயிஸ் மேதர்ஸ் எழுத வந்தார். அவருடைய புதிரில் நேர்க் குறிப்புக்கே இடமில்லை. அவருக்குப் பின் 1939-இல் வந்த, ஸிமினீஸ் என்ற புனைபெயர்க்காரர்தான் இதற்கு ஒழுங்கு கொண்டுவந்தவர். குறிப்பில் விடைக்கான பொருள் இருக்கவேண்டும், சொல்லை உடைக்கும் வழி இருக்கவேண்டும், வேண்டாத சொல் ஒன்றும் இருக்கக்கூடாது.

என் குறிப்பை அப்படி உடையுங்கள். கடையைத் திறந்தால் முன்னால் நிற்பது 'க'. இரும்பின் தலையை எடுத்தால் 'ரும்பு'. கரும்பு, ஆலையில் பிழிபடுவது. விடை விழுந்த நொடியே சரி என்று தெரிந்துவிடும், அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கவேண்டாம். 'ஒரு பறவை (3)' என்று கேட்டால்? காகம், மயில், குயில் என்று அழித்து அழித்து எழுதவேண்டியதுதான்.

மொக்கா செல்வி
அண்ணா, கரும்பு சாமர்த்தியம்தான். ஆனால் யாருக்காவது சிரிப்பு வந்ததா? பிரெஞ்சுக் குறுக்கெழுத்தில் எழுத்தை வெட்டி ஒட்டும் வேலை அநேகமாகக் கிடையாது, ஒரே வரியில் ஆளைக் கவிழ்த்துவிடுவார்கள். பழைய குறிப்பு ஒன்று: 'குளியல் தொட்டிகளைக் காலி செய்து, கைகழுவும் தொட்டிகளை நிரப்புவது'. விடை, நாடக இடைவேளை! பெஞ்ஞுவார் என்றால் குளியல் தொட்டி, நாடக அரங்கில் கீழ்த்தட்டு இருக்கை அறையும் அதுதான். லவாபோ என்றால் கைகழுவும் தொட்டி, கழிப்பறையும் அதுதான். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும்.

வகோவா வாத்தியார்
சிரிப்பதற்கும் இரண்டு பொருளும் தெரிந்திருக்கவேண்டுமே அம்மா. தெரியாத பிள்ளை என்ன செய்யும்?

கட்டக்காரன்
குறுக்கே விழும் எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும். ஆங்கிலத்தில் 26 எழுத்துதான், ஒன்று விழுந்தாலும் பெரிதாக ஒன்றும் தெரிந்துவிடாது. நமக்கு உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம், எல்லா எழுத்தும் சேர்த்து மொத்தம் 247. நடுவில் ஒரு 'ரு' விழட்டும், பாதி வேலை முடிந்தது. இது வெள்ளைக்காரன் சரக்கு என்றும் சொல்லிவிடாதீர்கள் ஐயா. பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடிய காளமேகம் எந்த ஊர்ப் பத்திரிகை படித்தார்?

வகோவா வாத்தியார்
காளமேகம் கட்டம் போடவில்லையே! அந்த 'ரு' இடமிருந்து வலமும் பொருந்தவேண்டும், மேலிருந்து கீழும் பொருந்தவேண்டும். நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன், பாதிக்கு மேல் கறுப்புக் கட்டமாகத்தான் வரும். அதற்கு மேல் சிலேடையும் வேண்டுமா?

மொக்கா செல்வி
அண்ணாவின் பாணியில் நானும் ஒன்று போடுகிறேன், காவடி நாள் இதழுக்கு: 'சோலையில் கஞ்சியை இறுத்தால் முருகனுக்காகத் தோளில் ஏறும் (3)'.

வகோவா வாத்தியார்
நாளைச் சொல்லி விடையையும் சொல்லிவிட்டாய். சோலைக்குக் 'கா' என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? சரி, ஒன்று செய்யுங்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் சில, ஒரே கட்டத்துக்கு நேர்க் குறிப்பு ஒரு பட்டியல், சிலேடைக் குறிப்பு ஒரு பட்டியல் என்று போடுகின்றன. அப்படிப் போட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கட்டக்காரன்
எல்லாரும் எளிய பட்டியலைத்தானே பார்ப்பார்கள் ஐயா!

வகோவா வாத்தியார்
பார்க்கட்டுமே. வேண்டுமானால் அதைக் கடைசிப் பக்கத்தில் தலைகீழாக அச்சடியுங்கள்.